யானை காலைத் தூக்கிக்கொண்டு நின்ற பாடம்

கண்ணு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்குக் கௌரவம். போன வாரம் ஆர்.கே.பேட்டைக்கு நூல் விஷயமாகப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. இடுப்பில் செருகியிருந்த உன் கடிதத்தை எடுத்தேன். நான் படிக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். விரல் எழுத்து எழுத்தாக ஊரும், உதடு கூடவே அசையும், சத்தம் மட்டும் வராது. அதோடு என் கையும் சும்மா இருக்காது. ‘தலைமையாசிரியர் உயரமானவர்’ என்று நீ எழுதியிருந்த இடத்தில் கை தலைக்கு மேலே போயிற்று. ‘பள்ளிக்கூடத்தைச் சுற்றி எங்கும் கரும்பு’ என்ற இடத்தில் கை பஸ் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பக்கத்தில் மலைக்கு மொட்டை போடப் போகிற ஓர் அம்மாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அய்யோ பாவமே, வாய் பேச வராதா தாயி?” என்று கேட்டு, பூஜைக்கு வைத்திருந்த சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டார். “மேல இருக்கறவன் பாத்துப்பாம்மா, சாப்டு.”

அந்த நேரத்தில் ‘எனக்குப் பேச்சு வரும்’ என்று நான் வாயைத் திறந்தால் அவமானம் யாருக்கு? அந்தப் புண்ணியவதிக்குத்தானே. தலையை ஆட்டிவிட்டுப் பழத்தைத் தின்றேன். நேரம் பார்த்து நம்ம தெருக் கண்டக்டர் வந்து சேர்ந்தான். “இன்னாக்கா, டிக்கெட் எட்த்தியா? இன்னிக்கி சத்தத்தயே காணோம், அண்ணனாண்ட சண்டையா?” நான் ஒரு விரலைக் காட்டினேன், பிறகு மலை இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அவன் என்னையும் பார்த்தான், வாழைப்பழத் தோலையும் பார்த்தான். “ஆங், புரிஞ்சிது புரிஞ்சிது” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும் வரைக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். இந்தத் தாலுக்காவிலேயே பெரிய வாயாடி என்று பேர் வாங்கிய உன் அம்மா பஸ் ஸ்டாண்டு வரை ஊமையாக வந்து சேர்ந்தாள். இதற்கெல்லாம் நீ எழுதிய கடிதம்தான் காரணம். அதனால்தான் பதிலும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீ வாத்தியார் வேலைக்குப் போய் இன்னும் இரண்டு மாசம் முழுசாக ஆகவில்லை. திருவாலங்காட்டைத் தாண்டி அந்தக் கரும்புக்காட்டு ஊருக்கு டிரங்குப் பெட்டியோடு நீ பஸ் ஏறிய அன்று, “போய்ச் சேர்ந்ததும் எழுது” என்று மட்டும்தான் சொன்னேன். நிறையச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் புது மீசையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்துக்கொண்டே புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? இப்போது நீயே ஒரு காரணம் எழுதி அனுப்பியிருக்கிறாய். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், பாடத்தைத் தண்ணீர் மாதிரி மடமடவென்று படிக்கிறாளாம். படித்ததில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறாளாம். எழுத்து எல்லாம் தெரிகிறது, அர்த்தம் ஒன்றும் தெரியவில்லை, முழுப்பரீட்சையில் அவளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கத் தீர்மானித்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நிறுத்தினால் அவள் அப்பனும் ஆத்தாளும் கரும்பு வெட்டக் கூடவே அழைத்துப் போய்விடுவார்கள் என்று அடுத்த வரியில் நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளையின் பேரைக் காணோம். ‘ஒரு மாணவி’ என்றிருக்கிறது. பல் விழுந்து முளைக்காத பிள்ளையை மாணவி என்று எழுதும் அளவுக்கு நீ வாத்தியாராகிவிட்டாய், சந்தோஷம்.

இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தறி நான்கும் நின்றுபோய், கூடம் கல்யாணம் முடிந்த வீடு மாதிரி இருக்கிறது. உன் நைனா மோட்டார் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். நான் என் தறியில் பாதி நெய்து நிற்கிற லுங்கித் துணியையே மேசையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நல்ல இறுக்கமான துணி, பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. கரண்ட் வருவதற்குள் உனக்கு ஒரு பையனின் கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த பையன்தான். ஆனால் அவன் என்ன செய்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருக்கும் என்று தோன்றுகிறது.

அந்தப் பையன் இரண்டாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். குரல் மட்டும் கோவில் ஸ்பீக்கர் மாதிரி. யார் வீட்டுக்கு வந்தாலும் நான், “கண்ணு, பாடம் படிச்சிக் காட்டு” என்பேன். நீ புத்தகத்தை எடுத்து மூச்சு விடாமல் ஒப்பித்து முடிப்பாய். வந்தவர்கள், “கலெக்டரா வருவான் பாரு” என்று காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு ஒரே பெருமை. உன் சரோஜா டீச்சர் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, “ரேடியோ மாதிரி படிக்கிறாம்மா. ஆனா ரேடியோவாண்ட போயி, நீ இப்ப இன்னா சொன்னேன்னு கேட்டா அதுக்குத் தெரியுமா?” என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் நைனா தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் மாட்டிக்கொண்டே, “ஒரு வருசம் நிறுத்தினாங்க, சரி. இந்தத் தடவயும் நிறுத்தினாங்கன்னா ஸ்கூலுக்கு ஒரு கும்புடு. வந்து தாரு சுத்தட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும் என்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுகிற அந்தத் தார் ராட்டைக்கு முன்னால் நானும் அதே வயசில் போய் உட்கார்ந்தவள்தான். அங்கே உட்கார்ந்த பிள்ளை எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

நம் கூடத்தில் தறி ஓடும்போது காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் நமக்கென்று ஒரு கை பாஷை. கட்டை விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோனால் டீ. மூடிய விரல்களைப் பட்டென்று விரித்தால் இழை அறுந்துவிட்டது. மணிக்கட்டைத் திருப்பினால் ‘இன்னா?’. தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாலேயே வந்துவிடும். டீச்சர் சொன்ன மறுநாள் நீ புத்தகத்தோடு வந்து என் தறிக்கு எதிரே நின்று பாடம் படித்தாய். உன் வாய் திறந்து திறந்து மூடுகிறது, எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. நான் மணிக்கட்டைத் திருப்பினேன். நீ இன்னும் உரக்கக் கத்தினாய். கழுத்து நரம்பு புடைக்கிறது. நான் மறுபடியும் மணிக்கட்டைத் திருப்பினேன். நீ புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு, ஆத்திரத்தோடு இரண்டு கையையும் தூக்கினாய், பாடத்தைக் கையாலேயே சொல்லிவிடலாம் என்று. தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். சொல்வதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று உனக்கே அப்போதுதான் தெரிந்தது. வாய்க்குப் பாடம் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அது என்ன பாடம் என்று ஞாபகமிருக்கிறதா? அடர்ந்த காட்டில் ஓர் ஆலமரம். அதன் வேரில் ஒரு பொந்து. பொந்தில் ஓர் அணில் தன் குட்டிகளோடு வசித்தது. ஒரு யானை அந்தப் பக்கம் வந்து பொந்தின்மேல் கால் வைக்கப் போயிற்று. ‘சற்றுப் பொறுங்கள், என் குட்டிகளை எடுத்துக்கொள்கிறேன்’ என்றது அணில். யானை தூக்கிய காலைக் கீழே வைக்காமல் காத்திருந்தது. அவ்வளவுதான் பாடம். இதைக் கையால் சொல்லிப் பார், தெரியும். அணில் சுலபம். யானையும் சுலபம், கையைத் தும்பிக்கை ஆக்கிவிடலாம். பொந்துக்கு என்ன செய்வாய்? நீ என்ன செய்தாய் என்றால், மறுநாள் டீச்சரிடம் போய், “டீச்சர், பொந்துன்னா கை பூருமா, தல பூருமா?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வருஷத்தில் நீ அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதானாம். டீச்சர் சிரிக்காமல் தன் முஷ்டியை மடக்கிக் காட்டி, “இது பூரும். உன் மண்ட பூராது” என்றிருக்கிறார்கள். அடுத்த நாள், “வசித்ததுன்னா படுத்துகினு இருந்துதா, நின்னுகினு இருந்துதா?” அதற்கு அடுத்த நாள், “அடர்ந்தன்னா எப்டி டீச்சர்?” மரமெல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நீ கூடத்துக்குள் ஓடி வந்து, என் தறியில் இழைக்கு இழை நெருங்கி நின்ற பாவு நூலைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாய். காடு! என் தறியில் ஒரு காடு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் நல்ல அம்மா மாதிரி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதே. சீண்டாமல் எனக்குச் சோறு செரிக்காது. நீ அணிலைக் காட்டினால், ‘எருமை அளவா?’ என்று நான் கையை அகட்டிக் காட்டுவேன். நீ தலையில் அடித்துக்கொண்டு விரலளவு காட்டுவாய். யானை அணிலை மிதித்துவிட்டதா என்று காலால் தரையை மிதித்துக் காட்டுவேன். நீ ஓடி வந்து என் காலைப் பிடித்து மேலே தூக்குவாய். ‘இல்லை, தூக்கிக்கொண்டே நின்றது!’ எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அது புத்தகத்தில் இல்லை. நீ யோசித்தாய். அணிலுக்கு எத்தனை குட்டி, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று விரலை மடக்கி மடக்கி யோசித்தாய். பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கையைத் தும்பிக்கையாக நீட்டிக்கொண்டு, தறிகளுக்கு நடுவே நின்றாய். நான் அறுந்த இழையை முடிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நின்றுகொண்டிருக்கிறாய். தார் மாற்றிவிட்டுப் பார்க்கிறேன், ஆடிக்கொண்டே நின்றுகொண்டிருக்கிறாய். உன் நைனா அடுத்த தறியிலிருந்து என்னைப் பார்த்து மணிக்கட்டைத் திருப்பினார். நான் தும்பிக்கையைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்.

இதெல்லாம் நானோ நீயோ திட்டம் போட்டுச் செய்ததில்லை. தறி சத்தம் போட்டது, எனக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பின்னால் யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான் ‘இன்னா?’ என்று கேட்டது எனக்கு நிஜமாகவே தெரியாததால். அந்தப் புத்தகம் என் காலத்துப் புத்தகம் இல்லை. வந்தவர்கள் முன்னால் நீ ஒப்பித்த வேகத்தில் எனக்கும் ஒன்றும் ஏறியிருக்கவில்லை. அணில் பிழைத்ததா என்று தெரியாமல் எனக்கே கை ஓடவில்லை. நீ வகுப்பில் கேட்கும்போது பதில் உன் முகத்திலேயே ஒட்டியிருக்கும், அந்தப் பெண் அதைப் பார்த்திருப்பாள். தெரிந்துகொண்டு கேட்கிறவனுக்கு யார் கதை சொல்வார்கள்? அவள் கூரையைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, நீயும் அப்போது கூரையைத்தான் பார்த்தாய். நம் கூரையில் பல்லிகூட இல்லை.

பரீட்சை சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் முன்னால்தான் உன் தலையெழுத்து என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நடந்ததை அவர்களே சாயங்காலம் வந்து எனக்குச் சொன்னார்கள். உன்னை எழுப்பிப் பாடம் படிக்கச் சொன்னாராம். ஸ்பீக்கர் போட்டாய். “நல்லது. யானை என்ன செய்தது?” என்று கேட்டாராம். நீ வாயைத் திறக்கவில்லை. கையைத் தும்பிக்கையாக்கி ஒரு காலைத் தூக்கிவிட்டாய். வகுப்பே சிரித்ததாம். இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பி, “ஏம்மா, பையனுக்குப் பேச்சு வருமா வராதா?” என்றிருக்கிறார். “வரும் சார். நிறுத்தறதுதான் கஷ்டம்” என்றார்களாம் டீச்சர். “வாயால சொல்லுடா தம்பி.” அதற்கு நீ காலைக் கீழே வைக்காமலே சொன்னாயாம்: “வாய் படிக்கறதுக்கு சார்.”

இந்த இடத்தில் அவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “சரி, எதுக்குக் கால கீழ வெக்கல?” என்றாராம். நீ இன்னும் ஆடிக்கொண்டே நின்று, முஷ்டியால் பொந்தைக் காட்டி, அதற்குள்ளிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து டீச்சர் மேசைமேல் வைத்தாயாம். எல்லாக் குட்டியும் வந்து சேரும் வரைக்கும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தாராம், டீச்சரும் நின்றார்களாம், சிரித்த பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்களாம். பிறகுதான் நீ காலைக் கீழே வைத்தாய். வைத்துவிட்டு வாயால் சொன்னாய்: “இப்ப வெக்கலாம் சார்.”

ரிசல்ட் வந்த அன்று தறி நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. நீ கூடத்து வாசலில் வந்து நின்றாய். நான் நாடாவை விட்டுவிட்டு உன் வாயையே பார்த்தேன். நீ கத்தவில்லை. ஒரு காலைத் தூக்கினாய். கொஞ்ச நேரம் வைத்திருந்தாய், என்னைச் சீண்டுவதற்காக என்று இப்போது புரிகிறது, யார் பிள்ளை! பிறகு மெதுவாகக் கீழே வைத்தாய். நான் உன் நைனா பக்கம் திரும்பி அதையே செய்து காட்டினேன். அவர் எல்லாத் தறியையும் நிறுத்தினார். “பாவா, பாஸ்” என்றேன். “அது தெரியுது, நீ ஏன் அளுவற?” என்றார். பிறகு, “அப்ப தாரு சுத்தறதுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அறுபடாத இழையை வெகு நேரம் தேடிக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டுவிட்டு உன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒற்றைக்காலில் நிறுத்திவிடாதே, பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்வது வேறு. உன் நைனாவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவர் பேசவே மாட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் தினமும் என் தறிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் பிறகுதான் தன் தறிக்குப் போவார். அதுதான் பேச்சு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மூன்றாம் வகுப்பு படித்தவள், எனக்கே அவ்வளவு நேரம் ஆயிற்று. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் மடமடவென்று பேசினால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்காதே, கூரையைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றும் நினைக்காதே. ‘இன்னா?’ என்று கேள். தெரியாதவனாகக் கேள். கேட்டுவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்.

அந்தப் பெண்ணுக்கும் அதையேதான் கேட்கிறேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் பக்கத்தில் பலகையில் உட்கார். ஒரு சொல்லை எடுத்து, அது எவ்வளவு பெரிசு, கையில் பிடிக்கலாமா, சுடுமா, கரும்பைவிட உயரமா என்று அவளைக் கேள். கரும்புக்காட்டுப் பிள்ளை, அவள் கைக்கு உனக்கும் எனக்கும் தெரியாதது எவ்வளவோ தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் நீ வாத்தியார், உன் இஷ்டம். அவள் பேரை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது. அவள் மடமடவென்று படித்தது இதுதான் என்று நீ கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்த குளத்துப் பாடத்தை நான் பஸ்ஸில் நன்றாகவே படித்துவிட்டேன். அவளிடம் அதில் என்னென்ன கேட்கலாம் என்று யோசித்து, நல்ல நல்ல கேள்வியாகத் தனித் தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். என் ஆயுசில் இவ்வளவு யோசித்து எதையும் எழுதியதில்லை.

மேலே இருப்பது நேற்று எழுதியது. எழுதி முடித்த தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேள்வித் தாளை மட்டும் மை காய்வதற்காகத் துணிமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். கரண்ட் வந்துவிட்டது. உன் நைனா எழுந்து வந்து எல்லாத் தறியையும் ஓட்டிவிட்டார். தூரத்திலிருந்து நான் கையைக் காட்டினேன். அவர் டீ என்று நினைத்துக்கொண்டு வாங்கிவரப் போனார். நான் வந்து பார்த்தபோது தாள் துணியோடு சேர்ந்து உருளையில் சுருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அடுத்த தறியில் இழை அறுந்தது. அதை முடிச்சுப் போட்டுவிட்டு வருவதற்குள் ஓரம்கூடத் தெரியவில்லை. துணியை அறுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டீ நன்றாக இருந்தது. இன்று விடிந்ததும், நான் கூடத்துக்கு வருவதற்குள், துணியை அறுத்துக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. பிரிக்கிறவர்கள் யாராவது பதில் எழுதி அனுப்பினால் உனக்கு அனுப்பி வைக்கிறேன்.

அம்மா